தைக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று

ஜனவரி 15-ஆம் தேதி ஒருவர் எச்.ஐ.வி. வராமல் காக்கும் லெனாகாபவிர் ஊசி போட்டுக்கொண்டால் அடுத்த ஊசி 26 வாரம் கழித்து, ஜூலை 16-ஆம் தேதி. தை பிறந்ததும் ஒன்று, ஆடி பிறக்கும்போது ஒன்று. அங்கிருந்து இன்னொரு 26 வாரம் எண்ணினால் மறுபடி பொங்கல் வந்து நிற்கும். எச்.ஐ.வி. தொற்று வராமல் காக்க இதுவரை புழக்கத்துக்கு வந்த மருந்துகளில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறு எதற்கும் இல்லை. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் காவடி எடுத்துப் போகிறவர்களிடம் இந்தக் கணக்கை ஒருமுறை சொன்னால் போதும், மறக்க மாட்டார்கள்.

தை ஊசியைப் பற்றி உலகமெல்லாம் பேசுகிறார்கள். இந்தப் பதிவு ஆடி ஊசியைப் பற்றியது. வளரும் நாடுகளில் புதிய தடுப்பு மருந்து ஒன்று வரும்போது, முதல் மாதத்தில் எத்தனை பேர் தொடங்கினார்கள் என்று எண்ணி அறிக்கை அனுப்புகிறார்கள். ஆனால் அந்த மருந்து ஊரில் கால் ஊன்றியதா என்பதை இரண்டாவது தவணைக்குத் திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கைதான் சொல்லும். மாத்திரைக்கும் இதே அளவுகோல்தான், பெண்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் மருந்து வளையத்துக்கும் ஊசிக்கும் இதேதான்.

வேலூருக்கு இந்த நோயோடு பழைய உறவு உண்டு. 1986 தொடக்கத்தில், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளைச் சோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்து வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்று முதலில் தெரிந்தது இந்த ஊர் ஆய்வகத்தில்தான். இன்று ரத்தத்தை அவ்வளவு தூரம் தூக்கிப் போக வேண்டாம். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் விரல் நுனியில் குத்தி அரை மணி நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். மருந்தும் அக்கம்பக்கத்திலேயே தயாராகிறது. லெனாகாபவிரை மலிவாகச் செய்ய உரிமம் பெற்ற ஆறு நிறுவனங்களில் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் ஹைதராபாத்தில் இருக்கின்றன, எம்கியூர் புனேயில். ஆக, கண்டுபிடிப்பதும் தயாரிப்பதும் இப்போது பெரிய தடை இல்லை. அலமாரியிலிருந்து ஆள் வரைக்கும் உள்ள பத்தடி தூரம்தான் தடை.

முன்பெல்லாம் அந்தத் தூரத்துக்கு முந்திய தூரமே பெரிதாக இருந்தது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்த தடுப்பு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012 ஜூலையில் அனுமதி கிடைத்தது. ஆபத்து அதிகமுள்ள எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டி நெறிமுறை 2022-இல் வந்தது. பத்து வருஷம். லெனாகாபவிருக்கு அமெரிக்க அனுமதி 2025 ஜூனில், உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை அதே ஆண்டு ஜூலையில், ஆப்பிரிக்க நாடுகளான எஸ்வாட்டினிக்கும் ஜாம்பியாவுக்கும் முதல் சரக்கு அதே ஆண்டு நவம்பரில் போய்ச் சேர்ந்தது. விலையும் அப்படியே. அமெரிக்காவில் ஆளுக்கு ஆண்டுக்கு 28,218 டாலர் என்று விலை வைத்த மருந்தை, 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலரில், ஏறத்தாழ 3,500 ரூபாயில் தருவதாக ஹைதராபாத் நிறுவனங்கள் இரண்டும் 2025 செப்டம்பரில் ஒப்புக்கொண்டன. மருந்து ஓடி வருகிறது. மையங்கள் நடந்தால் போதாது.

ஓடி வந்து விழுந்த மருந்துகளின் வரலாறு இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் பெண்களிடம் நடந்த வாய்ஸ் என்ற ஆய்வில் மாத்திரை, ஜெல் எதுவுமே பலன் தரவில்லை. காரணத்தை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. எடுத்த மாதிரிகளில் 100-க்கு 30 அல்லது அதற்கும் குறைவானவற்றில்தான் மருந்து இருந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்கள், ஆனால் விழுங்கவில்லை. அவர்களைக் குறை சொல்வது எளிது. தினமும் ஒரு மாத்திரை விழுங்குவதைப் பார்க்கிற வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தால் புரியும். அந்த மருந்துகளே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான கூட்டு மருந்திலும் இருக்கின்றன. பாட்டிலும் அதே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். 30 மாத்திரை உள்ள பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும். “எங்க வூட்ல இது குலுங்குனா மாமியார் இன்னான்னு கேப்பாங்களே” என்பது அற்பமான கேள்வி இல்லை. ஒரு மருந்தின் தலையெழுத்தே அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

சத்தத்துக்குப் பயந்து பலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்தோ, பொட்டு டப்பாவில் போட்டோ வைத்துக்கொள்கிறார்கள். பாட்டிலுக்குள் இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக இருக்கிறது. அதை விட்டு வெளியே எடுத்து நாள்பட வைத்த மாத்திரை மழைக்கால ஈரத்தில் கெடும். சரியான வழி: பாட்டிலின் வாய்க்குள் கொஞ்சம் சுத்தமான, உலர்ந்த பஞ்சை அடைத்துவிட்டால் குலுங்காது. லேபிளைக் கிழித்துவிடலாம், ஆனால் காலாவதி தேதியை மார்க்கரால் அடியில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்கு 7 மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டிலை நம்பிக்கையான இடத்தில் வைப்பது இன்னும் நல்லது. முதல் நாள் மையத்தில் ஆலோசனை சொல்லும் ஆற்றுநர் சொல்லித்தர வேண்டிய விஷயங்களில் இது முதலாவது. வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்ற படம் அப்புறம் காட்டலாம்.

எதிர்ப்பக்கம் நம் நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மைசூருவில் அசோதயாவும் கொல்கத்தா சோனாகாச்சியில் துர்பாரும் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்புகள். அவர்கள் பொறுப்பில் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு ஊரிலுமாக 1,300 பேருக்கு மேல் தொடங்கினார்கள், பெரும்பாலானவர்கள் கடைசி வரை தொடர்ந்தார்கள். மாத்திரை அதே மாத்திரைதான். வித்தியாசம் என்னவென்றால், முதல் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, யார் கொடுப்பது, எங்கே வைத்துக் கொடுப்பது, வதந்தி கிளம்பினால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் தாங்களே பேசி முடிவெடுத்திருந்தார்கள். இதை “விழிப்புணர்வு முகாம்” என்று சுருக்கிவிடுவது தவறு. முகாமில் நாம் பேசுவோம், அவர்கள் கேட்பார்கள். அங்கே அவர்கள் முடிவெடுத்தார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழில் இது தனிச் சிக்கல். லெனாகாபவிரைச் செய்தித்தாள்கள் “எய்ட்ஸ் தடுப்பூசி” என்று எழுதிவிடுகின்றன. தடுப்பூசி என்றால் நம் மனசில் பி.சி.ஜி., அம்மை, கொரோனா ஊசிகள்தான் வரும். உடம்புக்கு எதிர்ப்பு சக்தியைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும், போட்டால் போட்டதுதான். லெனாகாபவிர் அப்படி எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அது மருந்து. தோலுக்கு அடியில் சேமிப்பாக உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்து, வைரஸ் நுழைந்தால் பெருக விடாமல் நிறுத்துகிறது. சேமிப்பு தீர்ந்தால் காப்பும் தீர்ந்தது. “தடுப்பூசி போட்டாச்சு” என்று நினைக்கிறவர் ஆடியில் வர மாட்டார், அவர் மேல் தப்பும் இல்லை. “ஆறு மாச ஊசி” என்று சொல்வது நல்லது. பெயரிலேயே கெடு இருக்கிறது.

“எய்ட்ஸ் ஊசி” என்ற பெயர் அதைவிட மோசம். ஒரு அறைக்கு முன்னால் அப்படி எழுதிவைத்தால் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். சில ஆப்பிரிக்க நாடுகளில் மாத்திரையைப் “பாலியல் தொழிலாளர்களுக்கானது” என்ற முத்திரையோடு முதலில் கொண்டுவந்ததில், மற்ற பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். எச்.ஐ.வி. வந்த மனைவிமார் பலருக்கு அது வந்தது கணவரிடமிருந்து. அந்த முத்திரைக்குள் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

மாத்திரை இன்னும் பழசாகிவிடவில்லை. ஊசி வரும் வரைக்கும், வந்த பிறகும், பலருக்கு அதுதான் பொருந்தும். டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடபின் 200 மி.கி., தினம் ஒன்று, சாப்பிட்டோ சாப்பிடாமலோ. தொடங்கும் நாளில் எச்.ஐ.வி. நெகட்டிவ் என்று உறுதிப்பட வேண்டும். கடந்த 72 மணி நேரத்துக்குள் ஆபத்தான தொடர்பு நடந்திருந்தால் முதலில் 28 நாள் அவசர மருந்து, அது முடிந்த மறுநாளே இடைவெளி விடாமல் தடுப்பு மாத்திரை. காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு போன்றவை வந்து, அண்மையில் ஆபத்தான தொடர்பும் இருந்தால், அது புதுத் தொற்றின் தொடக்கமாக இருக்கலாம். அவரை அப்படியே தொடங்க விடாமல் மறு பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கிறோம், வடிகட்டும் திறன் நிமிஷத்துக்கு 60 மி.லி.க்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரை கூடாது. ஆனால் 30 வயதுக்குக் கீழே, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனை கட்டாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2022-இல் தளர்த்திவிட்டது. “ரிப்போர்ட் வந்ததும் வாங்க” என்று 24 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், பாதிப் பேர் வர மாட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்பதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த மாத்திரை அந்த வைரஸையும் அடக்கும், ஆகவே திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் சீறிக்கொண்டு எழலாம்.

எப்போது காப்பு தொடங்கும் என்பதில்தான் அதிகக் குழப்பம். பெண்கள் 7 நாள் விடாமல் சாப்பிட்ட பிறகே பாதுகாப்பு வந்ததாகக் கொள்ள வேண்டும், நிறுத்தும்போதும் கடைசித் தொடர்புக்குப் பிறகு 7 நாள் தொடர வேண்டும். ஆண்களுக்கு வேறு வழியும் உண்டு. தொடர்புக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை, முதல் தவணையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-இல் இன்னொன்று. இந்தக் குறுக்கு வழி பெண்களுக்குப் பொருந்தாது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகளுக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை, ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நண்பர்கள் வட்டத்தில் “ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு” என்று வாய்வழியாகப் பரவும்போது இந்த விலக்குகள் உதிர்ந்துபோகின்றன. அதனால் திருநங்கை சமூகத்திடம் தனியாக, அவர்களிலேயே ஒருவர் சொல்வது நல்லது.

முதல் மாதம் குமட்டல், தலைவலி, வயிற்றுப் பொருமல் சிலருக்கு வரும். பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் இரண்டாவது பாட்டிலுக்கு ஆள் வராது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டால் குமட்டல் தூக்கத்தில் போய்விடும். ரமலான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் நோன்பு வைக்கிறவர்கள் நோன்பு திறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். நேரம் மாறுவதால் காப்பு குறையாது.

டபிவிரின் வளையத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெண்ணே உள்ளே வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் சிலிக்கோன் வளையம், 25 மி.கி. மருந்து. இரண்டு பெரிய ஆய்வுகளில் தொற்றைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, 2021 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஊசியின் பலத்துக்கு முன்னால் இது குறைவுதான். ஆனால் யாருக்கும் தெரியாமல், யாரிடமும் கேட்காமல், நினைத்த நாளில் எடுத்துவிடக்கூடிய ஒரே பொருள் இது. அந்த உரிமைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

கபோடெக்ராவிர் என்பது இன்னொரு தடுப்பு ஊசி. இடுப்புத் தசையில் 3 மி.லி., அதில் 600 மி.கி. முதல் இரண்டுக்கும் நடுவே 4 வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒன்று. ஆக வருஷத்துக்கு ஆறேழு தடவை ஆள் வர வேண்டும். ஆப்பிரிக்காவில் வழக்கமான திட்டத்தில் ஜாம்பியாதான் 2024-இல் இதை முதலில் போடத் தொடங்கியது. லெனாகாபவிர் வந்த பிறகு இதன் இடம் சுருங்கும் என்றே தோன்றுகிறது.

இப்போது லெனாகாபவிரின் முதல் நாளைக் கிட்டத்தில் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்குப் போட்ட ஆய்வில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஆண்களும் திருநங்கைகளும் இருந்த இன்னொரு ஆய்வில் 2,179 பேரில் இருவருக்கு வந்தது. இவ்வளவு பலம் உள்ள மருந்து ஒரு சின்னத் தவறில் வீணாகலாம்.

மருந்து மஞ்சள் நிறம், தெளிவாக இருக்கும், கெட்டியானது. 1.5 மி.லி. வீதம் இரண்டு குப்பி, இரண்டு ஊசி, மொத்தம் 927 மி.கி. வயிற்றில், தொப்புளிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி. இரண்டாவதை வேறு இடத்தில் போட வேண்டும். வயிற்றில் வேண்டாம் என்கிறவருக்குத் தொடையில் போடலாம். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் இறங்க வேண்டும். மேலோட்டமாகத் தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டால் அந்த இடம் புண்ணாகி அழுகும் அபாயம் உண்டு. டிபி தோல் பரிசோதனைக்கு மேலாகக் குத்திக் குத்திப் பழகிய கை, ஒல்லியான பெண்ணின் வயிற்றில் அப்படியே குத்திவிடக்கூடும். தோலை நன்றாகக் கிள்ளித் தூக்கி, அவசரப்படாமல் மெதுவாக அழுத்த வேண்டும். கெட்டி மருந்து, வேகமாகத் தள்ளினால் வலிக்கும். பயிற்சியில் ஒவ்வொரு சிஸ்டரும் முதல் சில ஊசிகளை இன்னொருவர் பார்க்கப் போட வேண்டும். முடிந்ததும் ஊசி வெள்ளைப் பெட்டிக்குள், கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்குள்.

ஊசியோடு சேர்த்து அன்றே 300 மி.கி. மாத்திரை இரண்டு, மறுநாள் இரண்டு. ஊசி மருந்து ரத்தத்தில் ஏறுவதற்கு நாளாகும், அதுவரை தாங்குவது இந்த நாலு மாத்திரைதான். முதல் இரண்டைக் கண்ணெதிரே தண்ணீர் கொடுத்து விழுங்க வைக்கலாம். அடுத்த இரண்டு சின்னக் கவரில் வீட்டுக்குப் போகின்றன, அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். “ஊசி போட்டாச்சே, மாத்திரை எதுக்கு” என்ற எண்ணம் இயல்பானது. கவர் மேல் “நாளைக்கு, ரெண்டும் சேர்த்து” என்று பெரிதாக எழுதிக் கொடுத்து, மறுநாள் ஒரு போன் போட வேண்டும். போன் முடியாத வீடென்றால் சக பணியாளர் நேரில் பார்க்கலாம்.

போட்ட இடத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி மாதிரி தட்டுப்படும். அதுதான் மருந்துச் சேமிப்பு. பல மாதம் இருக்கும், பெரும்பாலும் வெளியே தெரியாது. அடுத்தடுத்த ஊசிகளில் இது குறைகிறது. சொல்லாமல் விட்டால் பயந்துபோய், அருகிலிருக்கும் கிளினிக்கில் கீறிவிடப் போவார்கள். விரலை வைத்துத் தடவிக் காட்டி, “இது இருக்கிற வரைக்கும் மருந்து இருக்குன்னு வச்சுக்கோ, ஆனா ஆறு மாசம் தாண்டி இது இருந்தாலும் காப்பு இருக்கும்னு நம்பாதம்மா” என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேலூர் வெயில் தனி விஷயம். லெனாகாபவிருக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், அறை வெப்பம் போதும் என்று எல்லாரும் நிம்மதியாகச் சொல்கிறார்கள். அறை வெப்பம் என்றால் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ், கொஞ்ச நேரத்துக்கு 30 வரை. கத்திரி வெயிலில் இங்கே 40-ஐத் தாண்டும், கோட்டைக் கல்லும் மலையும் சேர்ந்து ராத்திரியிலும் அனல் விடும். தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில் “அறை வெப்பம்” என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. ஏ.சி. உள்ள மருந்தகம் வேண்டும், அலமாரிக்குள் வெப்பமானி தொங்க வேண்டும், காலையும் மாலையும் எழுதி வைக்க வேண்டும். வெளிச்சம் படாமல் அட்டைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். களப்பணியாளர் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு குடியாத்தம் வரை போவதற்கு இது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லை.

அதைவிட அதிகமாக நான் கவலைப்படுவது டிபியைப் பற்றி. டிபி மருந்தான ரிஃபாம்பிசின், லெனாகாபவிரை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். கூடுதல் தவணை கணக்குப் போட்டுக் கொடுக்காவிட்டால் ஊசி இருந்தும் காப்பு இருக்காது. கபோடெக்ராவிரை ரிஃபாம்பிசினோடு கொடுக்கவே கூடாது. வீட்டில் ஒருவருக்கு டிபி இருந்தால் மற்றவர்களுக்கு வராமலிருக்க வாரம் ஒருமுறை 12 வாரம் கொடுக்கிறார்களே, அதிலுள்ள ரிஃபாபென்டினும் இதே வேலையைச் செய்யும். வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயினும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் எழுதிய கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தால் போதாது. நம் ஊர் மையத்தில் “இப்ப வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா, வீட்ல யாருக்காவது டிபி இருக்கா” என்பது ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டிய கேள்வி. டிபி பிரிவில் மருந்து தொடங்குகிற சிஸ்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊசி தையில், டிபி சித்திரையில் வரலாம்.

இனி கெடு. 26 வாரத்துக்கு இரண்டு வாரம் முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். 28 வாரம் தாண்டிவிட்டால் மறுபடி எச்.ஐ.வி. பரிசோதனை, நெகட்டிவ் என்றால் நாலு மாத்திரையோடு முதலிலிருந்து. வர முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், வாரத்துக்கு 300 மி.கி. ஒரு மாத்திரை கொடுத்து ஆறு மாதம் வரை ஓட்டலாம். சென்னை, பெங்களூரு நாற்கரச் சாலையில் லோடு ஏற்றி ஓடுகிற டிரைவருக்கு ஆடி முதல் தேதி எந்த மாநிலத்தில் விடியும் என்று அவருக்கே தெரியாது. பள்ளிகொண்டா டோல் பக்கம் தொடங்கியவர் நாக்பூரில் தொடர முடிய வேண்டும். அதற்கு ஒரு சின்ன அட்டை போதும்: ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, ஒரு குறியீட்டு எண், ஒரு போன் நம்பர். நோயின் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சம்மதமும் ரகசியமும் உரிமை என்கிறது. அட்டையைக் கிளீனர் பையன் எடுத்துப் பார்த்தாலும் எதுவும் புரியாத மாதிரி இருந்தால்தான் டிரைவர் அதை வண்டியில் வைத்திருப்பார்.

திரும்பி வராதவருக்கு ஏன் இவ்வளவு பதறுகிறோம் என்றால், மருந்து ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லை. ஓராண்டுக்கு மேலும் மிகக் குறைந்த அளவில் உடம்பில் மிச்சமிருக்கும். தொற்றைத் தடுக்க அது போதாது, ஆனால் தொற்று வந்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளப் போதும். ஆகவே “எனக்கு இனி ஊசி வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டு, ஆபத்து தொடர்கிறதா என்று பேசி, தொடர்ந்தால் தினசரி மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். எந்த வழியானாலும் ஆணுறை கூடவே போக வேண்டும். மேகப்புண்ணையோ கர்ப்பத்தையோ இந்த ஊசி தடுக்காது.

சரக்குக் கணக்கில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் கசப்பானது. 100 பேருக்குத் தொடங்க 200 குப்பி, 400 மாத்திரை. ஆடியில் மறுபடி 200 குப்பி. 400 குப்பி வந்தவுடன் இலக்கை எட்டும் ஆசையில் 200 பேருக்குத் தொடங்கிவிட்டால் அறிக்கை அழகாக இருக்கும், ஆடியில் ஒரு குப்பிகூட இருக்காது. முதல் நாளே பாதிப் பெட்டிகள் மேல் “ஆடி” என்று எழுதி ஒட்டித் தனி அலமாரியில் வைக்க வேண்டும். அதைத் தொட மேலதிகாரியின் கையெழுத்துகூடப் போதாது என்று வைத்துக்கொள்வது நல்லது. டிபி வந்தவர்களின் கூடுதல் தவணைக்கும், தேதிக்கு வர முடியாதவர்களின் வார மாத்திரைக்கும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

நேரமும் இதே மாதிரி முடிவு செய்ய வேண்டியது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண் காலை ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. வாரத்தில் ஒரு நாள் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறந்தால் போதும். இன்னொரு வழியும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கருத்தடைக்குப் போடும் அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று, அதாவது 13 வாரம். இரண்டு அந்தராவுக்கு ஒரு லெனாகாபவிர். ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே சிஸ்டர் இரண்டையும் போட்டுவிடலாம். வீட்டில் கேட்டால் “அந்தரா ஊசிக்குப் போனேன்” என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. அந்தராவே எச்.ஐ.வி.யையும் தடுக்கும் என்று யாரும் நினைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போடும் முன் பரிசோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நம்பிக்கை மையத்தில் இப்போதே இருக்கும் அதே விரைவுப் பரிசோதனை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொல்லிவிட்டது. இதைப் பல மருத்துவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. வைரஸ் அளவுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பி ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால், முதல் ஊசிக்கே ஆள் இருக்காது.

நினைவூட்டும் செய்தியை மூன்று தடவை அனுப்பலாம்: 24-ஆம் வாரம், 26-ஆம் வாரம், வராவிட்டால் 27-இல் ஒருமுறை. கணினி தானாக அனுப்பும் ஆங்கிலக் குறுஞ்செய்தியை யாரும் படிப்பதில்லை, படித்தால் ஆபத்து. சம்மதம் வாங்கும்போதே எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், எந்த வார்த்தையில் என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தெரிந்த குரலில் வரும் வாட்ஸ்அப் ஆடியோ எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும். “அக்கா, ஆடி பொறக்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் இருப்பாங்க. அந்தரா சீட்டையும் எடுத்துக்கினு வாங்க.”